அரைக்காலுக்குக் குறைந்தது

"அக்கா, உங்கட பெட்டி
வெள்ளிக்கிழமை வற்றுப்பெருக்கைச்
செவ்வாய்க்கிழமையே காட்டுது" என்றான் முபாரிஸ்.
மூதூர் லோஞ்சு கட்டும் இறங்குதுறையிலிருந்து பேசினான்.
பின்னால் எஞ்சின் ஒன்று இருமிக்கொண்டிருந்தது.
"இப்ப?"
"இப்ப நிண்டுட்டுது.
வெள்ளிக்கிழமையிலயே நிக்குது."

நிரல் என்னுடையது.
செக்கனில் பத்திலொரு பங்கு கழியும்போதெல்லாம்
பத்திலொன்றைக் கூட்டிக்கொள் என்று சொல்லியிருந்தேன்.
ஒரு பின்னேரம் மேசையில் ஓடவிட்டுப் பார்த்தேன்.
அதற்குப் பிறகு
இருபத்தொரு நாள், துறைமுகத்து உப்புக்காற்றில்,
சொன்னதை மட்டுமே செய்துகொண்டிருந்திருக்கிறது, பாவம்.

இரவு, உவர்மலை வீட்டில்
பதிவுகளை முதலிலிருந்து வாசித்தேன்.

அதற்குத் தெரிந்த பின்னங்கள்
அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்.
பாதியின் பாதியின் பாதி.
பத்திலொன்றைக் கேட்டால்
ஒரு வீசம் வைக்கும், அரைவீசம் வைக்கும்,
போதாமல் இன்னுமொரு பொடி, இன்னுமொரு பொடி.
என்றைக்கும் தராசு நேராகாது.
இருபத்துநாலு இடம் நிறைந்ததும்
கையைத் துடைத்துவிட்டு எழும்பிவிடும்.
அந்தத் துடைப்பில் போவது
ஒரு மீன்செதில்கூட இல்லை.

பிழை வேறெங்கோ.

மிதக்கும் புள்ளி என்கிறோம்.
மிதவையைத்தான் பார்த்தேன் நான்,
கீழே தொங்கும் வலையைப் பார்க்கவில்லை.
கரையோரம் கண் சிறுத்த வலை, நெத்தலியும் தப்பாது.
தூரம் இரட்டிக்கும்போதெல்லாம்
கண்ணும் இரட்டிக்கும்.
பூச்சியத்தை விட்டு வெகுதூரம் போனவனுக்குப்
பாரைகள் மட்டுமே மிஞ்சும்.

இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை
வீசமும் அரைவீசமும் மட்டும் போட்டுப் போட்டு
ஏழு மணித்தியாலம் பிந்தியிருந்தது.
யார் கண்டது? எங்கள் வற்றும் பெருக்கும்
முழங்கால் நனைக்கவே யோசிக்கிறவை.
அதன் பிறகு கண் பெருத்தது.
கிட்டிய முடிச்சு அரைக்கால்தான் என்று
ஒவ்வொரு முறையும் அரைக்காலைப் போட்டது.
ஓடத் தொடங்கியது.
மாவாலை விளக்குகள் எரிய, அணைய, எரிய
மூன்று நாளை முந்திப்போனது.

பிறகு அந்த எண்:
இருபது இலட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து
நூற்றைம்பத்திரண்டு.
அங்கே வலைக்கண் ஒரு கால் அகலம்.
அரைக்காலுக்குக் குறைந்தது எதுவும் தங்காது.
பத்திலொன்று, அரைக்காலுக்குக் குறைவு.
கூட்டியது. அதே எண்.
கூட்டியது. அதே எண்.
செக்கனுக்குப் பத்துத் தடவை,
ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல்.
கூட்டுவதை அது நிறுத்தவேயில்லை.

இங்கே கொஞ்சநேரம் வாசிப்பதை விட்டேன்.

கச்சேரியில் என் சித்திக்கும் இப்படித்தான்.
கம்பிவேலிக்குள் போன காணிக்காக
மாதாமாதம் ஒரு கடிதம்.
வாங்குவார்கள், முத்திரை விழும்,
கோப்பு அதே தடிப்பு.
காணி என்பதும் ஒரு பின்னம்தான்,
எண்பதில் ஒன்று.

விடிய முன்னம் திருத்திவிட்டேன்.
இனி முழு எண்ணாய் எண்ணு: ஒன்று, இரண்டு, மூன்று.
யாராவது நேரம் கேட்டால் மட்டும் பத்தால் வகு.
இரண்டே வரி. வெட்கமாக இருந்தது.

காலையில் இறங்குதுறையில்
பெட்டியைத் திறந்து குனிந்திருந்தபோது
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
பதிவுத்தாளின் நாலாம் பக்கத்தைத் தின்றது.
முபாரிஸ் விரட்டவில்லை.
"இப்ப என்ன நாள் காட்டுது?"
"புதன்."
"அப்ப வெள்ளிக்கிழமை
இனித்தான் வரும்" என்றான்,
அவ்வளவாக நம்பாமல்.